காட்டுக்குள் ஒரு முதுகாடு: கொடுமணல் ஈமப்பரப்பின் வரலாறு

கொங்கு நாட்டில் 'காடு' என்ற சொல்லுக்கு மரம் அடர்ந்த வனம் என்பது முதற்பொருள் அன்று. கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் தோட்டம். மழையை நம்பிக் கம்பும் சோளமும் விதைக்கும் மேட்டு நிலம் காடு. 'காட்டுக்குப் போயிருக்கிறார்' என்று வீட்டில் சொன்னால் வந்தவர் கலங்குவதில்லை. மாலையில் திரும்பிவிடுவார் என்று திண்ணையில் அமர்ந்துகொள்கிறார். அதே சொல் இடுகாடு, சுடுகாடு, முதுகாடு என அடைபெற்று நிற்கும்போதோ போனவர் திரும்பாத இடமாகிவிடுகிறது. வீடு போ என்கிறது, காடு வா என்கிறது என்னும் பழமொழியில் வரும் காடும் அதுவே. இவ்விரண்டு காடுகளும் ஒரே நிலமாக, ஒரே வரப்புக்குள் கிடக்கும் ஊர் ஒன்று நம் பக்கத்திலேயே உண்டு. ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலாற்றின் வடகரையில் உள்ள கொடுமணல் என்னும் சிற்றூரே அது.

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, கொங்கு நாட்டின் தொன்மை பற்றி எழுதுமாறு நண்பர்கள் பணித்தனர். தொன்மை என்றவுடன் நாம் எல்லோரும் கொடுமணலின் உருக்கையும் மணிகளையும் யவனர் வாணிகத்தையும் பேசத் தொடங்கிவிடுகிறோம். அவை பற்றி மேடைகளில் நிறையக் கேட்டாயிற்று. நானும் நிறையப் பேசியிருக்கிறேன். இம்முறை அவ்வூரின் கடைத்தெருவை விட்டு அதன் இடுகாட்டுக்குப் போகலாம் என்று தோன்றியது. ஏனெனில் கொங்கு மண்ணின் முதற்குடிகளுள் ஒரு கூட்டத்தார் தம்மைப் பற்றித் தாமே நின்று சொல்ல விரும்பியது எதுவோ, அது அங்கேதான் இருக்கிறது. கடைத்தெருவில் அவர்கள் பிறருக்காகச் செய்தவை கிடைக்கின்றன. ஈமக்காட்டில் தமக்காகச் செய்தவை கிடைக்கின்றன.

முதற்குடிகள் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொடுமணல் வாழ்விடத்தின் அகழ்குழிகளில் கன்னிமண்ணுக்கு மேலே முதன்முதலில் கிடைக்கும் மனித வாழ்வின் தடயம் இந்தப் பெருங்கற்காலத்து மக்களுடையதே. அவர்கள் வந்தபோது அங்கே உழுத நிலம் இல்லை; ஊர் இல்லை. ஒருபுறம் காஞ்சிமாநதி என்று பழம்பெயர் பெற்ற நொய்யல்; கூப்பிடு தொலைவுக்கு அப்பால் இரும்புத் தாது தரும் சென்னிமலை; தெற்கே நீலக்கல் கிடைக்கும் சிவன்மலை; பச்சைக்கல்லுக்குப் பெயர்பெற்ற படியூர்; படிகக்கல் கிடைக்கும் வெங்கமேடு, அரசம்பாளையம். சேரர் தலைநகரான கருவூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரைக்குச் செல்லும் பெருவழியும் அருகே ஓடிற்று. மழை குறைந்த இந்த வறண்ட மேட்டை ஏன் தேர்ந்தனர் என்ற வினாவுக்கு இந்த ஊர்ப்பெயர்களே விடை சொல்லும். நெல்லை நம்பி வந்தவர்கள் அல்லர் அவர்கள். கல்லையும் இரும்பையும் நம்பி வந்தவர்கள்.

2012, 2013ஆம் ஆண்டுகளில் நடந்த அகழாய்வின் கரிமக் காலக்கணிப்புகள் இவ்வூரின் தொடக்கத்தைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரை கொண்டு செல்கின்றன. கிறித்து பிறப்பை ஒட்டிய நூற்றாண்டுகள் வரை ஊர் செழித்திருந்தது. அதாவது நாம் பேசுவது ஒரு தலைமுறையின் இடுகாட்டைப் பற்றி அன்று. சற்றேறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த இடுகாட்டைப் பற்றி.

இந்த ஈமப்பரப்பின் ஆய்வு வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொங்கு நாட்டின் பழங்கல்லறைகளை எழுத்தில் பதிந்தவர்களுள் முன்னவர் சென்னை மாகாணக் குடிமைப்பணியில் இருந்த வால்ஹவுஸ் என்னும் ஆங்கிலேயர். கோயம்புத்தூர் மாவட்டத்துப் பெருங்கற்சின்னங்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1875இல் இலண்டன் அரச ஆசியக் கழகத்தின் இதழில் வந்தது. 1882இல் இராபர்ட் சீவல் தொகுத்த சென்னை மாகாணத் தொல்பொருள் பட்டியலிலும் இம்மாவட்டத்துக் கல்லறைகள் இடம்பெற்றன. கொடுமணலை 1961இல் கண்டறிந்து சொன்னவர் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த வி. ந. சீனிவாச தேசிகன். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985, 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் நடத்திய அகழாய்வுகளே அவ்வூரை உலகறியச் செய்தன. எ. சுப்பராயலு, கா. ராஜன், நம் ஈரோட்டுப் புலவர் செ. இராசு ஆகியோர் அப்பணியோடு இணைத்து நினைக்கப்பட வேண்டியவர்கள். அந்த நான்கு பருவங்களில் 48 அகழ்குழிகள் வாழ்விடத்தில் இடப்பட்டன. 13 கல்லறைகள் திறக்கப்பட்டன. பின்னர்த் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும், கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகமும் தோண்டின. 2020இல் அரசு தொல்லியல் துறை மேற்கொண்ட பணியின்போது 250 கல்வட்டங்கள் இங்கு இனங்காணப்பட்டன.

வாழ்விடத்தின் பரப்பு சுமார் 50 ஏக்கர். ஈமக்காட்டின் பரப்பு சுமார் 100 ஏக்கர். வாழ்ந்தவர்களுக்கு ஒரு பங்கு நிலம் என்றால் மாண்டவர்களுக்கு இரு பங்கு. இந்தக் கணக்கை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவியர் வியக்கின்றனர். வியப்பதற்கு முன் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்வேன். அதனைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் ஒரு கல்லறை எவ்வாறு அமைந்தது என்று பார்ப்போம்.

தரையில் அகன்ற குழி ஒன்று வெட்டப்படுகிறது. அதனுள் பலகை போல உடைத்தெடுத்த கற்களை நாற்புறமும் செங்குத்தாக நிறுத்துகின்றனர். தென்னகத்துக் கற்பதுக்கைகளில் பொதுவாகக் காணப்படும் முறைப்படி, ஒரு கல்லின் ஓரத்தை அடுத்த கல் தாங்குமாறு நிறுத்துவதால், வெளியிலிருந்து மண் எவ்வளவு அழுத்தினாலும் அறை உள்ளே சரிவதில்லை. அழுத்தம் கூடக் கூடக் கற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. கீழேயும் ஒரு கல் பரப்பி, மேலே மூடுகல் ஏற்றி, சுற்றிலும் மண்ணும் கல்லும் கொட்டிக் குவை அமைத்து, அக்குவையைச் சுற்றிப் பெரும் பாறைகளை வட்டமாக அடுக்குகின்றனர். சில கல்லறைகளுக்கு அருகே நெடுங்கல் ஒன்று ஆளுயரத்தினும் உயரமாக நிற்கும். கொடுமணலின் பெரிய பதுக்கைகள் ஓர் அறையோடு அமைவதில்லை. இரண்டு அறைகளும் சில வேளை மூன்று அறைகளும் உண்டு. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போகவும், வெளியிலிருந்து உள்ளே நுழையவும் கற்பலகையில் துளை இட்டிருப்பர். இதனைத் தொல்லியலார் இடுதுளை என்பர்.

இந்த இடுதுளையைப் பற்றிப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். உயிர் போய்வரும் வழி என்பர் சிலர். பின்னால் இறக்கும் உறவினரின் எலும்பையும் அதே அறையில் இடுவதற்கான வாயில் என்பர் வேறு சிலர். எனக்கு இரண்டாவது கருத்தே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஆயினும் முதற்கருத்தைச் சிரித்து ஒதுக்க மனம் வரவில்லை. கருங்கல்லின் இனத்தைச் சேர்ந்த கடினமான பாறைப் பலகையில் ஒரு துளை போடுவது எளிய வேலை அன்று. உளியின் முனை எத்தனை முறை மழுங்கியிருக்கும்! இரும்பு உருக்கி உளி வடிக்கத் தெரிந்த ஊர் ஆதலால் அவர்களுக்கு அது முடிந்தது. பயன் ஒன்றுக்காக மட்டும் அவ்வளவு உழைத்தார்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இக்கல்லறைகளில் உள்ளவை பெரும்பாலும் முழு உடல்கள் அல்ல. எலும்புகள் சில மட்டுமே. முதலில் உடலை வேறோரிடத்தில் இட்டு, தசை நீங்கியபின் எலும்புகளைத் திரட்டிக் கொண்டுவந்து இங்கே வைக்கும் இரண்டாம் நிலை ஈமமுறை இது. ஆகவே ஒரு சாவுக்கு இரண்டு சடங்குகள் நிகழ்ந்தன. முதலாவது, இறந்த நாளின் அழுகை. இரண்டாவது, மாதங்கள் கழிந்தபின், கல் உடைப்போர், சுமப்போர், பானை வனைவோர், சோறு சமைப்போர் என ஊரே திரண்டு செய்த பெருஞ்செயல். டன் கணக்கில் எடை உள்ள பலகைக் கற்களை ஒரு குடும்பம் மட்டும் நகர்த்தியிருக்க முடியாது. உருளைக் கட்டைகளும் வடங்களும் நெம்புகோல்களும் கூடவே பல தோள்களும் தேவை. மறுதோள் கொடுக்க வருவார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒரு கூட்டம் இவ்வாறு கட்டும். புதுநிலத்தில் குடியேறியவர்களை ஊராக ஆக்கியது சந்தையா, இந்தக் கல்தூக்கலா என்று என்னைக் கேட்டால், நான் இரண்டாவதையே முன்வைப்பேன்.

இனி முன்னே நிறுத்திய கணக்குக்கு வருவோம். எண்ணப்பட்ட கல்வட்டங்கள் 250. ஊர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். அப்படியானால் இரண்டாண்டுக்கு ஒரு கல்லறை. அழிந்துபோனவை இன்னொரு 250 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஒன்றுதான் ஆகிறது. ஒரு பதுக்கையில் பலரை இட்டிருக்கலாம் என்பதும் உண்மையே. ஆயினும் 50 ஏக்கரில் கொல்லரும் மணி செய்வோரும் நெசவாளரும் வணிகரும் நிறைந்திருந்த ஊரில் ஆண்டுக்கு எத்தனை பேர் இறந்திருப்பர்? எத்தனை குழந்தைகள் இறந்திருக்கும்? அவர்கள் எல்லோரும் எங்கே?

கல்லறை பெற்றவர்கள் ஒரு சிலரே. 2020இல் திறக்கப்பட்ட கல்லறை ஒன்றைச் சுற்றி மற்றவற்றினும் பெரிய பாறைகள் நின்றன. உள்ளே மூன்று அறைகள் இருந்தன. ஊர்த்தலைவர் ஒருவருக்கோ குலத்தலைவர் ஒருவருக்கோ எடுத்ததாகலாம் என்று அகழ்ந்தோர் கருதினர். மறுபுறம், வாழ்விடப் பகுதியிலேயே கல் எதுவும் சூழாத குழியில், கால்களை மடக்கி அமர்ந்த நிலையில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. பெரும்பான்மையோர்க்கு இவ்விரண்டும் இல்லை. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை பூம்புகார்ச் சுடுகாட்டில் ஐந்து முறைகளைச் சொல்கிறது: எரித்தல், வெளியில் இட்டுவிடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியில் கவித்தல். இவற்றுள் கல்லறையும் தாழியுமே நமக்குக் கிடைக்கின்றன. எரித்த சாம்பலும் வெளியில் இட்ட எலும்பும் நொய்யல் வெள்ளத்தோடு போயின. ஆகவே கொடுமணல் ஈமக்காட்டை 'நம் முன்னோர் அனைவரும் துயிலுமிடம்' என்று பாடும் கவிஞர்கள் சற்று நிதானிக்க வேண்டும். அங்கே துயில்பவர்கள் கல் பெற்றவர்கள். கல் சுமந்தவர்கள் அங்கே இல்லாமலிருக்கவும் கூடும். மாண்டவர்க்கு இரு பங்கு நிலம் என்ற முதற்கணக்கு பாதி உண்மையே.

கல்லறைக்குள் வைத்த பொருள்களைக் கண்டால் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் தெளிவாகும். ஒரு கல்லறையில் ஆயிரக்கணக்கான சூதுபவள மணிகள் இருந்தன. சூதுபவளத்தின் மூலக்கல் கொங்கு நாட்டில் கிடைப்பதன்று. குசராத்துப் பகுதியிலிருந்து வரவேண்டும். நெடுந்தொலைவு வந்த கல்லை உடைத்து, உருட்டி, மெருகேற்றி, நடுவே நூல் நுழையத் துளையிட்டு, விற்றால் பெரும்பொருள் வரும் என்று அறிந்திருந்தும் மண்ணுக்குள் வைத்து மூடினர். வெண்கலத்தில் வார்த்து, சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த சிறு புலி உருவம் ஒன்றும் கல்லறையிலிருந்து வந்தது. கொங்குக் கைவினையின் உச்சம் அது எனலாம். நீண்ட இரும்பு வாளும், குதிரைமேல் ஏறுவதற்கான இரும்பு அங்கவடியும் கல்லறைப் பொருள்களே. சந்தைக்குப் போன நல்ல மணிகள் கடல் கடந்து எங்கோ போயின. நமக்கு எஞ்சியவை இறந்தவர்க்குக் கொடுத்தவையே.

மட்கலங்கள் தனியே சொல்லத்தக்கவை. உட்புறம் கறுத்து வெளிப்புறம் சிவந்த கருப்பு சிவப்புப் பானைகள், நான்கு கால் சாடிகள், பானை உருளாமல் நிறுத்தும் பிரிமனைகள், கிண்ணங்கள் என வீட்டு அடுக்களை முழுவதையும் பெயர்த்து வைத்ததுபோல் இருக்கும். ஒரு கல்லறையின் கலங்கள் பலவற்றில் ஒரே கீறற்குறி திரும்பத் திரும்ப வருவதை அகழ்ந்தோர் கவனித்தனர். குலத்தின் அடையாளமாகவோ குடும்பத்தின் அடையாளமாகவோ அக்குறி இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இன்றும் நம் ஊர்களில் சீர்ப்பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கிறோம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் சூட்டுக்குறி இடுகிறோம். இது எங்களுடையது என்று சொல்லும் ஆசை பழையது.

இதே ஊரின் வாழ்விடத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஐந்நூற்றுக்கும் மேல் கிடைத்துள்ளன. ஆதன், சம்பன், சுமணன், விசாகி என்று பெயர்கள் அவற்றில் உள்ளன. அரசன் பெயர்கள் அல்ல. பானைக்கு உரியவர் பெயர்கள். விசாகி என்பது பெண்ணின் பெயராகவே எனக்குப் படுகிறது. தக்களிகள் நிறையக் கிடைத்த ஊரில் ஒரு பெண்ணின் பெயர் எழுத்தாக நிலைத்திருப்பது, சங்கப் பெண்பாற் புலவர்களைப் பாடம் சொல்லும் எனக்குத் தனி மகிழ்ச்சி. எனினும் ஒன்று என்னை உறுத்துகிறது. எழுத்துப் பொறித்த ஓடுகளில் பெரும்பாலானவை வாழ்விடத்தவை. எழுத்தறிந்த ஊர், தன் இறந்தோர்க்கு எழுத்தினும் மிகுதியாகக் குறியையே கொடுத்தது. வாழ்வோரைத் தனிப்பெயரால் அழைத்தவர்கள், இறந்தவரைக் குலத்தின் குறிக்குள் ஒப்படைத்துவிட்டார்களோ?

இது ஊகமே. பழனிக்கு அருகே பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் திறந்த கல்லறைகள் இந்த ஊகத்துக்கு ஒரு விலக்கையும் தருகின்றன. அங்கே பிரிமனை ஒன்றில் 'வய்ர' என்ற தமிழ் பிராமிச் சொல் பொறிக்கப்பட்டிருந்தது. நான்கு கால் சாடியில் இரண்டு கிலோ அளவுக்கு நெல் இருந்தது; அந்நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. செத்தவர் வாயில் அரிசி இடும் நம் வழக்கத்தை நினையாமல் அந்நெல்லைப் பற்றி என்னால் படிக்க முடிந்ததில்லை.

கவிஞர்கள் கூடும் வட்டம் ஆதலால் சங்கப் புலவர்கள் இந்த ஊரை எப்படிக் கண்டனர் என்றும் சொல்ல வேண்டும். பதிற்றுப்பத்தில் செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பாடிய கபிலரும் (67), பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய அரிசில்கிழாரும் (74) கொடுமணம் என்னும் ஊரைக் குறிப்பிடுகின்றனர். அக்கொடுமணமே இக்கொடுமணல் என்பது அறிஞர் கொள்கை. இருவர் பாட்டிலும் அது அரிய அணிகலன்களின் ஊர். முத்துக்குப் பந்தர், அணிகலனுக்குக் கொடுமணம். பரிசில் பெற வரும் புலவர் கண்ணுக்கு அணிகலன் தெரிந்தது. ஊரை ஒட்டி நூறு ஏக்கர் பரப்பில் நின்ற கல்வட்டங்களும் நெடுங்கற்களும் அவர்கள் பாட்டில் இல்லை. ஆற்றோரப் பாதையில் வந்தவர் எவரும் அவற்றைக் காணாமல் ஊருக்குள் நுழைந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

சங்கப்பாட்டில் கல்லறையே இல்லை என்பதன்று. பாலை வழிகளில் ஆறலைகள்வர் அம்புக்கு இறந்த வழிப்போக்கர்மேல் கற்களைக் குவித்த பதுக்கைகள் அகப்பாடல்களில் அடிக்கடி வருகின்றன. அவை அஞ்சத்தக்க இடங்கள், உறவற்றவரின் கற்குவியல்கள். போரில் வீழ்ந்த மறவர்க்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலையாக வகுக்கிறது. புறநானூற்றில் ஐயூர் முடவனார் கிள்ளிவளவனுக்காகத் தாழி வனையும் குயவனை நோக்கிப் பாடுகிறார் (228). மற்றொரு பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனையுமாறு வேண்டுகிறாள் (256). வழிப்போக்கன், மறவன், மன்னன், மன்னனோடு வாழ்ந்தவள் போன்றாரின் சாவுக்குப் பாட்டு உண்டு. ஓர் ஊரில் மணி உருட்டி, இரும்பு உருக்கி, பிள்ளை பெற்று, மூப்பில் இறந்து, சுற்றத்தாரால் எலும்பு திரட்டி வைக்கப்பட்டவர்க்குப் பாட்டு இல்லை. கையறுநிலை என்னும் துறை தலைவனை இழந்து தவிப்போர் பாடுவது. தந்தையை இழந்த மணிக்கொல்லன் பாடுவதற்கு நம் இலக்கணத்தில் துறை வகுக்கப்படவில்லை. அவன் கல்லைத் தூக்கினான். கொடுமணல் ஈமக்காட்டைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்: நம் செவ்வியல் இலக்கியம் விட்ட பக்கம் அது.

கி.பி. முதற்சில நூற்றாண்டுகளுக்குப்பின் இப்பெருங்கற்கள் எடுக்கும் வழக்கம் தென்னாட்டில் மெல்ல ஒழிந்தது. எரிப்பதும் எளிய புதைகுழியும் பெருகின. கல் எடுப்பது வீரர்க்குரிய நடுகல்லாகச் சுருங்கிற்று. கட்டியவர்களின் பெயர் மறந்தது. பின்வந்த மக்கள் அக்கல்லறைகளைக் கண்டு, இவ்வளவு பெரிய கற்களைத் தூக்கியவர்கள் மனிதராக இருக்க முடியாது என்று எண்ணிப் பாண்டவர் குழி என்று பெயரிட்டனர். வனவாசத்தின்போது பாண்டவர்கள் ஒளிந்திருந்த அறைகள் என்பது கதை. பண்டைக்குழி என்பதே அவ்வாறு மருவிற்றோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு. சான்று காட்ட இயலாது. குலதெய்வக் கோயிலுக்குப் பல கல் தொலைவு சென்று பொங்கல் வைக்கும் நம் மக்கள், தம் காட்டுக்குள்ளேயே கிடக்கும் எலும்புகளுக்கு இதிகாசத்து அந்நியரை உரிமையாளராக்கிவிட்டனர். எவருக்கும் பங்காளி அல்லாத பிணம் அது. தீட்டு இல்லை, திதியும் இல்லை.

உறவு அற்றுப்போனால் கல் வெறும் கல்லாகிறது. கிணற்றுக்குச் சுற்றுக்கட்டு வேண்டும். கட்டுத்தரைக்குப் பாவுகல் வேண்டும். உழவுக்கு இடைஞ்சலாக நிற்கும் பாறையை வரப்போரம் தள்ள வேண்டும். புதையல் ஆசையால் இரவில் தோண்டியவர்களும் உண்டு. புதையல் தேடியவரை மன்னிக்க மனம் வரவில்லை. ஆனால் காட்டை உழ முனைந்த குடியானவரை நகரத்தில் இருந்துகொண்டு நாம் வசைபாடுவது முறையன்று. அரை ஏக்கரில் கல்வட்டம் நின்றால் அரை ஏக்கர் விளைச்சல் குறையும். அந்த இழப்பை அவருக்கு ஈடுசெய்தவர் எவர்? கோவைக்கு அருகிலுள்ள சூலூரின் ஈமக்குழியில் கிடைத்த, குறி பொறித்த மட்கலம் ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. தோண்டி எடுத்தவை கண்ணாடிப் பேழைக்குள் போயின. பேழைக்குள் போக முடியாத கல்வட்டமோ காட்டிலேயே கிடந்து தேய்கிறது.

ஆற்றின் கதையும் இதனோடு சேர்ந்ததே. கொடுமணலிலிருந்து சற்றுத் தொலைவில் 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டிமுடிக்கப்பட்டது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிற்று. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிடும் நிலை வந்தது. முதற்குடிகளை இங்கே நிறுத்திய அதே தொழில் ஆசைதான், அவர்கள் குடித்த ஆற்றையும் கெடுத்தது என்று சொன்னால் மிகையாகாது. உருக்கு உலைகளின் புகையும் கசடும் அன்று எவர் தலையில் விழுந்தன என்று நாம் கேட்டதில்லை.

முனைவர் பட்ட ஆய்வு மாணவியாக 2004இல் முதன்முறை அங்கே போனபோது, என் குறிப்பேட்டில் ஒன்பது கல்வட்டங்களைக் கையால் வரைந்து, காலடியால் அளந்து, பக்கத்து வேம்பையும் கிளுவை வேலியையும் அடையாளமாகக் குறித்துவைத்தேன். அளவை கற்றவளல்லள் ஆதலால் அந்தப் படங்கள் ஆய்வேட்டில் இடம்பெறவில்லை. சென்ற ஆண்டு மாணவியரோடு மீண்டும் போனேன். அந்தக் குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தோம். ஏழு வட்டங்கள் கிடைத்தன. இரண்டைக் காணவில்லை. நான் வழி தவறியிருக்கலாம். வேம்பு வெட்டப்பட்டிருந்ததால் இடம் மாறித் தெரிந்திருக்கலாம். மாணவியருள் ஒருத்தி, "அம்மா, நீங்கள் வரைந்த இந்தப் படம் மட்டும்தான் இப்போது அந்தக் கல்லறையா?" என்று கேட்டாள். ஆய்வேட்டில் சேர்க்காமல் விட்டதற்காக அன்றுதான் வெட்கப்பட்டேன்.

இதனால் வட்டத்து நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தத்தம் ஊர்ப்பக்கத்துக் கல்வட்டங்களைப் போய்ப் பாருங்கள். எந்த ஊர், எவ்வளவு சுற்றளவு, எத்தனை கல், ஊரார் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று நான்கு வரி எழுதிவையுங்கள். ஒரு கல்லையும் புரட்டாதீர்கள். தோண்டுவது அறிந்தோர் வேலை. பெயர் கேட்டு எழுதுவது நம் வேலை.

திரும்பும் வழியில் கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார். "ஏனுங் அம்மிணி, அந்தப் பாண்டவங்க குழியப் பாக்கவா இத்தன வெயில்ல வந்தீங்க?" என்றார். அவருடைய காட்டின் நடுவிலேயே ஒரு வட்டம் நின்றது. சுற்றிலும் கடலைக்கொடி, வட்டத்துக்குள் மட்டும் கோரையும் எருக்கும். ஏன் அதை விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மாமனார் காலத்திலிருந்தே அதற்குள் ஏர் ஓட்டுவதில்லை என்றார். சாமி ஏதேனும் இருக்கிறதா என்றதற்கு இல்லை என்று தலையசைத்தார்.

"சாமியெல்லாம் இல்லீங் அம்மிணி. ஆரோ படுத்திருக்கறாங்கல்லோ, அவங்க மேல எப்படிங் ஏரோட்டறது?"